டொமைனில் சேர்ந்த கணிப்பொறியில் பழைய கோப்புகளை மீட்கும் முறை

மாவட்டத் தலைநகரிலுள்ள துணை அலுவலகம் ஒன்றில், மூன்றாண்டுக் காலமாக மழையளவுப் பதிவுகளையும் மண் ஆய்வு முடிவுகளையும் கிராமவாரி அறிக்கைகளையும் ஒரே கணிப்பொறியில் சேர்த்துவந்த கள உதவியாளர் ஒருவர், திங்கட்கிழமை காலை தம் இருக்கைக்கு வருகிறார் எனக் கொள்வோம். முந்திய வெள்ளியன்று மாலை தொழில்நுட்பப் பிரிவினர் வந்து அக்கணிப்பொறியைத் துறையின் டொமைனில் சேர்த்துவிட்டுச் சென்றுள்ளனர். அவரிடம் அளிக்கப்பட்ட புதிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு அவர் உள்ளே நுழைகிறார். முகப்புத்திரை துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஆவணங்களின் உறை வெறுமையாக இருக்கிறது. தமிழ் விசைப்பலகை இல்லை, அச்சுப்பொறி இல்லை, மின்னஞ்சல் செயலி தன்னை முதன்முறையாகத் திறப்பவரை வரவேற்பதுபோல் வரவேற்கிறது. பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவேண்டிய அறிக்கையும் காணப்படவில்லை.

இந்நிலையில் அவர் அறியவேண்டிய முதற்செய்தி, கோப்புகள் ஒன்றும் அழியவில்லை என்பதே. டொமைனில் சேர்க்கும் செயல் எந்தக் கோப்பையும் நீக்குவதில்லை. இரண்டாவது செய்தி அதனினும் இன்றியமையாதது. இத்தகைய நிகழ்ச்சிகளில் கோப்புகள் மெய்யாகவே இழக்கப்படுவது பெரும்பாலும் டொமைனில் சேர்த்த நாளன்று அன்று. அதன்பின், பதற்றத்தில் செய்யப்படும் திருத்தங்களினால்தான். ஆகவே, என்ன நிகழ்ந்தது என்பதைத் தெளிவாக உணர்ந்தபின் கை வைப்பதே முறையாகும்.

டொமைன் என்னும் சொல்லுக்கு ஆள்களம் என்று தமிழில் ஒரு சொல் வழங்குகிறது. பொருத்தமான சொல்லே; எனினும் அலுவலகங்களில் எவரும் அதனைச் சொல்லக் கேட்டதில்லை. தொலைபேசியில் தொழில்நுட்பப் பிரிவினரிடம் பேசும்போது பயன்படவேண்டும் என்னும் கருத்தினால் இக்கட்டுரையில் டொமைன் என்றும், புரொஃபைல் என்றும் வழக்கிலுள்ள சொற்களையே கையாளுகிறோம். பல கணிப்பொறிகளையும் பல பயனர்களையும் ஒரு மைய வழங்கியின் அதிகாரத்தின்கீழ்க் கொண்டுவரும் ஏற்பாடே டொமைன். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.டி. அமைப்பில் 1993-இல் இது தோன்றியது; 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 சர்வரோடு ஆக்டிவ் டைரக்டரி என்னும் இன்றைய வடிவத்தைப் பெற்றது. விண்டோஸின் ஹோம் பதிப்பு டொமைனில் சேர இயலாது. புரொஃபெஷனல் முதலிய உயர்பதிப்புகளே சேரும்.

இனி, குழப்பத்தின் வேர் எங்குள்ளது எனக் காண்போம். நாம் ஒருவரைப் பெயரால் அறிகிறோம். விண்டோஸோ பெயரைப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அது ஒரு பாதுகாப்பு அடையாள எண்ணை வழங்குகிறது. எஸ்-1-5-21 எனத் தொடங்கி, மூன்று நீண்ட எண்களைத் தாங்கி, இறுதியில் அக்கணக்குக்கேயுரிய ஒரு சிற்றெண்ணில் முடிவது அது. நடுவிலுள்ள மூன்று எண்களும் கணக்கை உண்டாக்கியது யார் என்பதைக் காட்டும். கணிப்பொறியிலேயே உண்டாக்கப்பட்ட கணக்காயின் அக்கணிப்பொறியின் எண்கள் அங்கே நிற்கும். டொமைனில் உண்டாக்கப்பட்டதாயின் டொமைனின் எண்கள் நிற்கும். ஆகவே 'குமார்' என்னும் பழைய உள்ளூர்க் கணக்கும், டொமைனிலுள்ள 'குமார்' என்னும் புதிய கணக்கும், கடவுச்சொல் முதற்கொண்டு ஒன்றாகவே இருப்பினும், விண்டோஸின் கண்ணுக்கு முற்றிலும் வேறான இரு மனிதர்கள். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவர் வசிக்கும்போது, தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பது போன்றது இது.

ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அறை. அவ்வறையே புரொஃபைல் எனப்படுவது. சி இயக்ககத்தில் யூசர்ஸ் என்னும் உறையினுள் பயனர் பெயரில் அது அமைந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி. காலம் வரை இவ்விடத்தின் பெயர் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்பதாக இருந்தது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய உறைகள் இதனுள் உள்ளன. ஆப்டேட்டா என்னும் மறைந்த உறையும், என்டியூசர் டாட் டேட் என்னும் மறைந்த கோப்பும் இங்கேயே உள்ளன. இக்கோப்பு ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவகத்தின் ஒரு பகுதி. பயனரின் தனி விருப்பங்கள், விசைப்பலகைத் தேர்வு, பிணைய இயக்கக இணைப்புகள் யாவும் அதில் பதிந்துள்ளன. புதிய அடையாள எண்ணுடன் ஒருவர் முதன்முறை நுழையும்போது, அவருக்குப் புத்தம்புதிய அறை ஒன்று கட்டப்படுகிறது. 'குமார்' என்னும் உறை ஏற்கெனவே பழைய கணக்குக்கு உரியதாக இருப்பின், புதியது 'குமார்' என்பதன்பின் ஒரு புள்ளியும் டொமைனின் பெயரும் சேர்ந்து அமையும். யூசர்ஸ் உறையைத் திறந்தவுடன் இவ்விரண்டு பெயர்களும் அருகருகே நிற்கக் கண்டால், நோய் இன்னதென்று உறுதியாகிவிடும்.

அடுத்தபடியாக, பழைய உறையைத் திறக்க முயன்றால் அனுமதி இல்லை என்னும் செய்தி தோன்றும். இதனைக் கண்டு பலர் கோப்புகள் கெட்டுவிட்டன என மயங்குகின்றனர். பொருள் அதுவன்று. புரொஃபைல் உறையைத் திறக்கும் உரிமை அதன் உடையவர், நிர்வாகிகள் குழு, இயங்குதளம் ஆகிய மூவருக்கே உண்டு. கணிப்பொறி டொமைனில் சேரும்போது, டொமைனின் நிர்வாகிகள் அக்கணிப்பொறியின் நிர்வாகிகள் குழுவில் சேர்க்கப்படுகின்றனர். மற்ற டொமைன் பயனர்கள் வெறும் பயனர்கள் குழுவில்தான் சேர்க்கப்படுகின்றனர். ஆகவே நேற்று வரை தம் கணிப்பொறியின் முழு அதிகாரியாக இருந்தவர், இன்று தம் பழைய அறையின் வாயிலில் அயலாராக நிற்கிறார்.

மீட்கும் வழிகளுள் எளியதும் தீங்கற்றதும், பழைய கணக்கிலேயே மீண்டும் நுழைவதாகும். டொமைனில் சேர்ந்தபின்னும் உள்ளூர்க் கணக்கு நிலைத்தே இருக்கிறது. நுழைவுத்திரை அதனைக் காட்டாமையால் பலரும் அறிவதில்லை. பயனர் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி, அதன்பின் பின்சாய்கோடு, அதன்பின் பழைய பெயர் என இட்டுப் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை மாலை விட்டுச்சென்ற திரை அப்படியே தோன்றும். புள்ளி என்பது 'இக்கணிப்பொறி' என்பதன் சுருக்கக் குறியாகும். சில துறைகளில் உள்ளூர் நுழைவைக் கொள்கை வாயிலாகத் தடுத்திருப்பர். அங்கு நிர்வாகியின் உதவி வேண்டும். நண்பகலுக்குள் அறிக்கை அனுப்பவேண்டிய நம் கள உதவியாளர் செய்யத்தக்கது இதுவே. மற்றவற்றைப் பிற்பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கடவுச்சொல் மறந்துபோயிற்று என்றால், நிர்வாகியிடம் சென்று அதனை மாற்றியமைத்துத் தரும்படி கேட்கத் தோன்றும். இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். பயனர் தாமே பழைய சொல்லைக் கொடுத்துப் புதிய சொல்லுக்கு மாறுவது வேறு. நிர்வாகி வெளியிலிருந்து வலிந்து மாற்றுவது வேறு. உள்ளூர்க் கணக்கில் இரண்டாவது முறையைக் கையாண்டால், விண்டோஸின் மறையாக்கத்தால் பூட்டப்பட்ட கோப்புகளும், சேமித்து வைத்த கடவுச்சொற்களும் திறக்க முடியாதனவாகிவிடும். ஏனெனில் அவற்றின் திறவுகோல் பழைய கடவுச்சொல்லிலிருந்து பிறந்தது. சாதாரணக் கோப்புகளுக்கு இத்தடை இல்லை. ஆகவே, பூட்டுக்குறி தாங்கிய கோப்புகள் பழைய உறையில் இருப்பின், பழைய சொல்லை நினைவுகூர்வதற்கு எத்தனை மணி நேரம் செலவிட்டாலும் தகும். பழைய கணக்கினுள் நுழைந்து, அக்கோப்புகளின் பூட்டை அங்கேயே நீக்கியோ, அவற்றின் சான்றிதழை வேறோர் இடத்தில் சேமித்தோ விட்டு, அதன்பின்னரே நகல் எடுத்தல் வேண்டும்.

இனி, கோப்புகளைப் புதிய அறைக்குக் கொண்டுசெல்வதைப் பற்றிக் கூறுவோம். நிர்வாகி உரிமையுடையவர் ஒருவர் பழைய உறையைத் திறந்து, டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் முதலியவற்றின் உள்ளடக்கத்தைப் புதிய உறையிலுள்ள அதே பெயருடைய உறைகளில் நகலெடுக்கவேண்டும். நகலெடுக்கவேண்டும் என்றோம், நகர்த்தக்கூடாது. இதற்குக் காரணம் இரண்டு. நகலெடுத்தால் மூலம் அப்படியே இருக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. மற்றொன்று, ஒரே இயக்ககத்தினுள் நகர்த்தப்படும் கோப்பு தன் பழைய உரிமைக் குறிப்புகளைச் சுமந்துகொண்டே செல்லும். நகலெடுக்கப்படும் கோப்போ புதிய உறையின் உரிமைகளை ஏற்றுக்கொள்ளும். நகர்த்தியவர்கள் கோப்பு புதிய உறையில் கண்ணெதிரே இருந்தும் திறக்க முடியாமல் இடர்ப்படுவது இதனால்தான்.

சில நூறு கோப்புகளாயின் சாதாரண முறையே போதும். பல்லாயிரம் கோப்புகளாயின் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்னும் கட்டளையைப் பயன்படுத்துவது நலம். இடையில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரும், என்ன நகலாயிற்று, என்ன ஆகவில்லை என்னும் பட்டியலும் தரும். ஆனால் எக்ஸ்-ஜே என்னும் ஈரெழுத்துக் குறியை அதனோடு சேர்க்க மறக்கலாகாது. புரொஃபைலினுள் பழைய செயலிகளின் பொருட்டு வைக்கப்பட்ட இணைப்புவழிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று தன்னைத் தாங்கிய உறையையே மீண்டும் சுட்டுவது. அக்குறியை இடாவிட்டால் கட்டளை அவ்வழியே புகுந்து, உறைக்குள் உறை, அதற்குள் உறை எனச் சுழன்றுகொண்டே இருக்கும். வட்டு நிறைந்த பின்னரே பலருக்கு இது புலப்படுகிறது.

அமைப்புகளை மீட்பது கோப்புகளை மீட்பதுபோல் எளிதன்று. ஒவ்வொரு செயலியும் தன் செய்திகளை ஒவ்வோரிடத்தில் வைத்துள்ளது. வேர்டு செயலியின் வார்ப்புருக்கள் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்னும் உறைகளில் உள்ளன. பயனர் சேர்த்த சொற்பட்டியல் அதன் அண்டையில் யூப்ரூஃப் என்னும் உறையில் உள்ளது. அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்புகளை நகலெடுத்துத் திறந்தால் கடிதங்கள் கிடைத்துவிடும். ஓ.எஸ்.டி. கோப்புகளைத் தூக்கிச் செல்லவேண்டியதில்லை. கணக்கை மீண்டும் அமைத்தால் வழங்கியிலிருந்து அவை மீண்டும் உருவாகும்.

உலாவிகளுள் வேறுபாடு கருதத்தக்கது. குரோம் உலாவியின் உறையை நகலெடுத்தால் பக்கக்குறிகள் வந்துசேரும். ஆனால் சேமித்த கடவுச்சொற்கள் வாசிக்கப்படமாட்டா. அவை பழைய விண்டோஸ் கணக்கின் திறவுகோலால் மூடப்பட்டுள்ளன. ஃபயர்ஃபாக்ஸோ தன் திறவுகோலைத் தன் உறையினுள்ளேயே வைத்திருப்பதால், உறை முழுதும் செல்லும்போது கடவுச்சொற்களும் உடன் செல்லும். எனவே குரோம் பயன்படுத்துவோர் பழைய கணக்கில் நுழைந்து, கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய கணக்கில் இறக்குமதி செய்தபின் அக்கோப்பை உடனே அழித்துவிடவேண்டும். அதில் எல்லாச் சொற்களும் மறைப்பின்றி எழுதப்பட்டிருக்கும்.

ஆசிரியர்களுக்கு மிகவும் தொல்லை தருவது எழுத்துருவாகும். 2018-ஆம் ஆண்டின் 1809 எண்ணுள்ள விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, நிர்வாகி உரிமையின்றி நிறுவப்படும் எழுத்துருக்கள் அப்பயனரின் புரொஃபைலினுள்ளேயே தங்குகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதி வைத்த வினாத்தாள்களைப் புதிய கணக்கில் திறந்தால், தமிழ் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை அழித்து, புதிதாகத் தட்டெழுதத் தொடங்குவோரும் உண்டு. வேண்டியது, பழைய ஆப்டேட்டாவின் லோக்கல் பகுதியில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்னும் உறைவழியே சென்று எழுத்துருக் கோப்புகளை எடுத்து, இம்முறை எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவுவதேயாகும். விசைப்பலகையைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, விரித்துரைக்கத் தேவையில்லை.

பழைய அறையையே புதிய கணக்குக்கு உரிமையாக்கிவிட்டால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். இயலும். உறையின் உரிமைகளை மாற்றி, என்டியூசர் டாட் டேட் கோப்பின் உள்ளேயுள்ள உரிமைகளையும் மாற்றி, பதிவகத்தில் புரொஃபைல்லிஸ்ட் என்னும் பகுதியில் புதிய அடையாள எண்ணின்கீழ்ப் பழைய உறையின் வழியைக் குறித்தால், புதிய கணக்கு பழைய அறையிலேயே கண்விழிக்கும். ஃபாரன்ஸிட் நிறுவனத்தின் யூசர் புரொஃபைல் விஸார்டு இப்பணியைத் தானே செய்துமுடிக்கிறது. கையால் செய்ய முற்படுவோர் உறையின் உரிமையை மட்டும் மாற்றிவிட்டுக் கோப்பினுள்ளிருக்கும் உரிமைகளை மறந்துவிடுவர். பயன், தற்காலிகப் புரொஃபைல் ஒன்று தோன்றி, அதில் செய்த வேலை வெளியேறும்போது மறைந்துபோவது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தொடக்கப்பட்டியும் ஸ்டோர் செயலிகளும் அடையாள எண்ணோடு வேறு பல இடங்களிலும் பிணைக்கப்பட்டிருப்பதால், கைவேலை பாதியில் நிற்பதற்கு வாய்ப்பு மிகுதி. எம் கருத்தில், துறை ஒப்புதலளித்த கருவி இன்றி இவ்வழியில் இறங்குவதைவிடக் கோப்புகளை நகலெடுத்து அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்வதே மேல். ஒருநாள் செல்லும், ஆனால் எந்நிலையிலும் திரும்பி வர வழி உண்டு.

இதனையெல்லாம் முன்னரே தவிர்த்திருக்கலாம் என்பதும் உண்மை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே யூசர் ஸ்டேட் மைக்ரேஷன் டூல் என்னும் கருவியை வழங்குகிறது. டொமைனில் சேர்ப்பதற்குமுன் ஸ்கேன்ஸ்டேட் என்னும் அதன் முதற்பகுதி கோப்புகளையும் அமைப்புகளையும் திரட்டி ஒரு கிடங்கில் வைக்கும்; சேர்த்தபின் லோட்ஸ்டேட் என்னும் இரண்டாம் பகுதி, இன்ன பழைய கணக்கு இன்ன டொமைன் கணக்கு எனக் குறித்தால், அவற்றைப் புதிய புரொஃபைலில் இறக்கும். நாற்பது, ஐம்பது கணிப்பொறிகளைச் சேர்க்க வரும் பணியாளர் இதனைக் கையாளாமல் வருவது, சாமான்களைக் கட்டாமல் வீடு மாறச் சொல்வதற்கு ஒப்பாகும். எனினும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வாறே நடைபெறுகிறது.

களப்பணிக்கு மடிக்கணினி எடுத்துச்செல்வோர் மற்றொன்றையும் கருதவேண்டும். டொமைன் கணக்கில் முதல் நுழைவு வழங்கியோடு தொடர்பில் இருக்கும்போதுதான் நிகழ முடியும். ஒருமுறை நுழைந்துவிட்டால் அதன் அடையாளம் கணிப்பொறியிலேயே சேமிக்கப்படும். பின்னர்ப் பிணையம் இல்லாத ஊரிலும் நுழையலாம். இயல்பான அமைப்பில் பத்துப் பயனர்களின் அடையாளம் வரை இவ்வாறு நினைவில் நிற்கும். அலுவலகத்தில் ஒருமுறையேனும் நுழைந்து பாராமல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குச் சென்றவர், வழங்கி கிட்டவில்லை என்னும் செய்தியை மட்டுமே காண்பார். அவருக்கு உதவுவதும் முன்சொன்ன புள்ளியும் பின்சாய்கோடுமேயாகும்.

இனி, கோப்புகளை மெய்யாகவே இழக்கச் செய்யும் செயல்கள். அமைப்புகள் பகுதியில் பழைய கணக்கைத் தேர்ந்து நீக்கினால், கணக்கோடு அதன் தரவுகளும் சேர்ந்தே நீங்கும். பொத்தானில் அவ்வாறே எழுதியும் இருக்கும், படிப்பவர் குறைவு. கண்ட்ரோல் பேனல் வழியே நீக்கினால் கோப்புகளை வைத்துக்கொள்வதா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றாலும் ஆவணங்கள், படங்கள் போன்றவை மட்டுமே தங்கும், மின்னஞ்சலும் அமைப்புகளும் தங்கமாட்டா. சில துறைகளில், இத்தனை நாட்கள் பயன்படாத புரொஃபைல்களைக் கணிப்பொறி மீளத்தொடங்கும்போது தானே அழிக்குமாறு கொள்கை வகுத்திருப்பர். எவரும் கை வைக்காமலே ஒரு நாள் பழைய உறை மறைந்துவிடுவது அதனால்தான். ஆகவே டொமைனில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய உறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்தல் வேண்டும்.

இவ்வாறு நீங்கிய கோப்புகள் குப்பைத்தொட்டியில் கிடைக்கமாட்டா. அந்நிலை நேர்ந்தால் உடனே அக்கணிப்பொறியைப் பயன்படுத்துவதை நிறுத்தவேண்டும். எழுதப்படும் ஒவ்வொரு புதிய கோப்பும் பழையதன் இடத்தை விழுங்கக்கூடும். மீட்புப் புள்ளிகள் இயங்கியிருந்தால் உறையின் முந்திய பதிப்பு கிடைக்கலாம். சுழலும் வட்டாயின், வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்து, 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெகவரி போன்ற கருவியால் தேடலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை இயக்ககமாயின் நம்பிக்கை மிகக் குறைவு. அழிக்கப்பட்ட இடங்களை அது தானாகவே துடைத்துவிடும் இயல்புடையது.

எல்லாம் சீராக நகலாகி, ஒரு திங்கள் வேலை செய்து பார்த்து, பழைய உறை இனி வேண்டா எனத் துணிந்தபின் அதனை நீக்கும் முறையும் ஒன்றுண்டு. யூசர்ஸ் உறையினுள் சென்று அதனை நேரே அழிக்கலாகாது. உறை போயினும் புரொஃபைல்லிஸ்டில் அதன் குறிப்பு நிலைத்திருக்கும்; பின்னொரு நாள் அவ்வுள்ளூர்க் கணக்கில் எவரேனும் நுழைந்தால் இல்லாத அறையைத் தேடித் தற்காலிகப் புரொஃபைலைத் திறக்கும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் அட்வான்ஸ்டு பகுதியிலுள்ள யூசர் புரொஃபைல்ஸ் பட்டியலைத் திறந்து, பழைய கணக்கின் வரியைத் தேர்ந்து நீக்கினால், உறையும் குறிப்பும் ஒருங்கே நீங்கும். அதற்குமுன் அப்பட்டியலில் நிற்கும் பெயரின் முன் டொமைனின் பெயர் உள்ளதா, கணிப்பொறியின் பெயர் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க. நீக்கவேண்டியது கணிப்பொறியின் பெயரைத் தாங்கிய வரியே.